மாதக் கணக்கில் பிறந்த மருந்து

1857 மே 11. மீரட்டில் கிளர்ந்தெழுந்த சிப்பாய்கள் டெல்லிக்குள் நுழைந்த நாள். அதே நாளில் லண்டனில் ராயல் மருத்துவ, அறுவை மருத்துவச் சங்கம் கூடியிருந்தது. எட்வர்ட் சீவ்கிங் என்ற மருத்துவர் தம்மிடம் வந்த 52 வலிப்பு நோயாளிகளைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். அந்தக் காலத்தில் வலிப்புக்குத் துத்தநாகம் கொடுத்தார்கள், வெள்ளி நைட்ரேட் கொடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், தோலில் கொப்புளம் எழுப்பினார்கள். எதை நம்பியும் ஒரு நோயாளிக்கு ஆறுதல் சொல்ல முடியவில்லை.

கட்டுரை முடிந்ததும் கூட்டத்துக்குத் தலைமை வகித்த சார்லஸ் லோகாக் பேசினார். வலிப்பு அவருடைய துறை கிடையாது. விக்டோரியா மகாராணிக்குப் பிரசவம் பார்த்தவர் அவர். ராணியின் கடைசிக் குழந்தை பீட்ரிஸ் பிறந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. சில பெண்களுக்கு மாதவிலக்கையொட்டி மட்டுமே வலிப்பு வருகிறது, மற்ற நாள்களில் அவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள் என்றார் லோகாக். பிறகு தம்மிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். ஒன்பது ஆண்டுகளாக வலிப்பு. பார்க்காத வைத்தியம் இல்லை. பெற்றோர் மறுபடியும் வந்து கேட்டபோது பொட்டாசியம் புரோமைடு என்ற உப்பை நாளுக்கு மூன்று வேளை கொடுத்துப் பார்த்தார். வலிப்பு நின்றது. அதே மருந்தைப் பதினான்கு, பதினைந்து பெண்களுக்குக் கொடுத்ததில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் பலன் கிடைத்தது.

மருத்துவ வரலாற்றில் வலிப்பை உண்மையாகவே கட்டுப்படுத்திய முதல் மருந்து இப்படித்தான் வெளியே தெரிந்தது. ஒரு பிரசவ மருத்துவர் பெண்களின் மாதக் கணக்கைக் காதுகொடுத்துக் கேட்டதால் பிறந்த மருந்து அது.

அந்த உப்புக்கும் ஒரு பிறப்பு உண்டு. 1826-இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் அந்துவான் பலார் என்ற இளைஞர், கடலோர உப்பளத்தில் உப்பை வாரியெடுத்த பின் மிஞ்சிய கசப்பு நீரை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதில் குளோரினைச் செலுத்தியபோது நீர் பழுப்பேறியது. நெடியடிக்கும் ஒரு புதிய தனிமம் வெளிப்பட்டது. அதுதான் புரோமின். கடல்நீர் எங்கிருக்கிறதோ அங்கெல்லாம் இது இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்து உப்பளப் பாத்திகளில் மிஞ்சும் கசப்பு நீரிலும் லோகாக் கொடுத்த உப்பின் கூறு கரைந்திருக்கிறது.

லோகாக் கண்டது சரி. ஆனால் அதற்கு அவர் சொன்ன காரணம் தவறு. புரோமைடு சாப்பிட்டால் ஆண்மை தற்காலிகமாகக் குன்றுகிறது என்று ஒரு ஜெர்மானியர் எழுதியிருந்ததை அவர் படித்திருந்தார். பெண்ணின் வலிப்பு கருப்பையின் கிளர்ச்சியிலிருந்தும் காம உணர்விலிருந்தும் எழுகிறது என்று அன்றைய மருத்துவ உலகம் நம்பியது. ஆகவே காமத்தைத் தணிக்கும் உப்பு வலிப்பையும் தணிக்கும் என்று கணக்குப் போட்டார். அந்த நம்பிக்கை எவ்வளவு கொடுமையானது என்பது அடுத்த பத்தாண்டில் தெரிந்தது. அதே லண்டனில் ஐசக் பேக்கர் பிரவுன் என்ற அறுவை மருத்துவர், வலிப்பைக் குணப்படுத்துவதாகச் சொல்லிப் பெண்களின் பிறப்புறுப்பில் ஒரு பகுதியை அறுத்தெடுத்தார். 1866-இல் அதைப் பெருமையாகப் புத்தகமாகவும் வெளியிட்டார். மறு ஆண்டே மகப்பேறு மருத்துவர் சங்கம் அவரை வெளியேற்றியது. பெண்ணின் உடலைக் குற்றவாளியாகப் பார்த்த ஒரே எண்ணம், ஒருவர் கையில் மருந்தாகவும் இன்னொருவர் கையில் கத்தியாகவும் மாறியது. லோகாக்கைக் காப்பாற்றியது அவருடைய கோட்பாடு அல்ல, நோயாளி சொன்ன தேதிகளைக் கவனித்த பழக்கம்.

மருந்து வேகமாகப் பரவியது. சாமுவேல் வில்க்ஸ் போன்ற லண்டன் மருத்துவர்கள் ஆண்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் வலிப்பு குறைந்தது. அப்படியானால் இது கருப்பை மருந்து கிடையாது, மூளைக்கான மருந்து என்பது புரிந்தது. 1870-களில் லண்டன் குயீன் ஸ்கொயரில் இருந்த நரம்பியல் மருத்துவமனை ஒன்றே ஆண்டுக்கு இரண்டரை டன் புரோமைடு செலவழித்தது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. உடம்பில் தங்கித் தங்கிச் சேரும் உப்பு அது. முகமெல்லாம் பருக்கள், மந்தம், குழப்பம், நடைத் தள்ளாட்டம் என்று பலர் அவதிப்பட்டார்கள். 1912-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்கில் ஆல்ஃப்ரெட் ஹாப்ட்மான் என்ற இளம் மருத்துவர், தூங்குவதற்காகக் கொடுக்கும் பீனோபார்பிட்டால் வலிப்பையும் குறைப்பதைக் கவனித்தார். நம் ஊர் மருந்துக் கடைகளில் ‘கார்டினால்’ என்று கேட்டு வாங்கும் மாத்திரை அதுதான். 1938-இல் அமெரிக்காவில் ஹூஸ்டன் மெரிட்டும் டிரேசி புட்னமும் கண்ட பீனிட்டாய்ன் இங்கே ‘எப்டாயின்’ ஆனது. புரோமைடு மெல்ல ஒதுங்கியது. இன்று பெரும்பாலும் நாய்களின் வலிப்புக்கு அதைக் கொடுக்கிறார்கள்.

மருந்து எல்லோருக்கும் பொதுவானபோது, அதைப் பிறப்பித்த கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. மாதவிலக்கு நாளில் ஏன் வலிப்பு கூடுகிறது?

லண்டன் நரம்பியல் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் அதை மறக்கவில்லை. 1880-களில் அவர் கேட்டறிந்த 82 பெண்களில் 46 பேர் மாதவிலக்கையொட்டி வலிப்பு அதிகமாவதாகச் சொன்னார்கள். ஆனால் ஏன் என்று சொல்ல அவரிடம் கருவி எதுவும் இல்லை. ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் தனியே பிரித்தெடுக்க 1929-உம் 1934-உம் வர வேண்டியிருந்தது. 1940-களின் தொடக்கத்தில் மாண்ட்ரியாலில் ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் எலிகளுக்குப் புரோஜெஸ்டிரோனை அதிக அளவில் செலுத்தினார். எலிகள் மயங்கித் தூங்கின. வலிப்பைத் தூண்டும் வேதிப்பொருளைக் கொடுத்தபோதும் தாக்குப்பிடித்தன. பிள்ளைப்பேற்றுக்கானது என்று எல்லோரும் நினைத்திருந்த சுரப்பு, மூளையையும் அமைதிப்படுத்தியது.

1956-இல் இங்கிலாந்தின் ஜான் லெய்ட்லா, மருத்துவ இல்லத்தில் தங்கியிருந்த பெண்களின் பல ஆண்டுப் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினார். மாதவிலக்குக்குச் சற்று முன்னும் அந்த நாள்களிலும் வலிப்பு ஏறியது. கருமுட்டை வெளியேறியதற்குப் பிந்தைய நாள்களில், அதாவது புரோஜெஸ்டிரோன் உச்சத்தில் இருக்கும்போது, குறைந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து லோகோதெட்டிஸ் என்ற மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் மாதவிலக்குக்கு முன் 16 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனை நரம்பு வழியாகச் செலுத்தினார்கள். 11 பேரின் மூளை மின்பதிவு கலங்கியது. சிலருக்கு வலிப்பே வந்துவிட்டது. இரண்டு சுரப்புகளும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கின்றன என்பது தெளிவானது.

கடைசி முடிச்சு அவிழ்ந்தது 1986-இல். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் மரியா டொரோட்டா மஜெவ்ஸ்காவும் அவருடைய கூட்டாளிகளும், புரோஜெஸ்டிரோனிலிருந்து உடலே தயாரிக்கும் ஒரு பொருள் மூளையில் பீனோபார்பிட்டால் குடும்பத்து மருந்து போலவே வேலை செய்கிறது என்று காட்டினார்கள். அந்தப் பொருளின் பெயர் அல்லோபிரெக்னனோலோன்.

அது வேலை செய்யும் இடத்தைப் புரிந்துகொள்ள வயல் மடையை நினைத்துக்கொள்ளலாம். மூளை நரம்பணுவின் சுவரில் நுண்ணிய மடைகள் இருக்கின்றன. ‘காபா’ என்ற வேதிப்பொருள் வந்து தொட்டால் மடை திறக்கும், குளோரைடு உள்ளே பாயும், கொதித்துக்கொண்டிருக்கும் அணு அடங்கும். வலிப்பு என்பது ஆயிரக்கணக்கான அணுக்கள் ஒரே நேரத்தில் அடங்காமல் துடிப்பது. பீனோபார்பிட்டால் மடையைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கிறது. அல்லோபிரெக்னனோலோனும் அதைத்தான் செய்கிறது. லோகாக்கின் புரோமைடோ குளோரைடுக்கு நெருங்கிய உறவு. அதே மடை வழியாகக் குளோரைடைவிட எளிதாகப் புகுந்து அணுவை இன்னும் ஆழமாக அடக்குகிறது. 1857-இல் தவறான காரணத்துக்காகக் கொடுத்த உப்பும், மாதாமாதம் பெண்ணின் உடல் தானாகவே சுரந்து தன்னைக் காத்துக்கொள்ளும் பொருளும் ஒரே மடையில்தான் வந்து சேர்கின்றன. அறிவியலில் எனக்குத் தெரிந்த மிக அழகான சந்திப்புகளில் இது ஒன்று.

இப்போது மாதக் கணக்கைப் படிக்க முடிகிறது. கருமுட்டை வெளியேறிய பின் புரோஜெஸ்டிரோன் ஏறுகிறது, கூடவே அல்லோபிரெக்னனோலோனும் ஏறுகிறது. மாதவிலக்குக்கு ஓரிரு நாள் முன்பு இரண்டும் சரிந்து விழுகின்றன. காவல் போன அந்த நாள்களில் வலிப்பு தலைதூக்குகிறது. சரிவின்போது மடையின் அமைப்பே மாறி, மருந்துக்குச் சரியாக மசியாத வடிவம் எடுப்பதை 1998-இல் ஷெரில் ஸ்மித் என்ற ஆய்வாளர் எலிகளில் கண்டார். கருமுட்டை வெளியேறுவதற்குச் சற்று முன் ஈஸ்ட்ரோஜன் தனியாக உச்சம் தொடும். அது நரம்பணுக்களைத் தூண்டிவிடும் பக்கம் நிற்பதால் சிலருக்கு வலிப்பு அந்த நாள்களில் கூடும். முட்டையே வெளியேறாத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் போதிய அளவு சுரக்காது, அப்போது பின்பாதி முழுவதுமே தொல்லை. இந்த மூன்று வகைகளையும் பாஸ்டன் நரம்பியல் மருத்துவர் ஆண்ட்ரூ ஹெர்சாக் 1997-இல் வரையறுத்தார். வலிப்புள்ள பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்த மாத ஏற்ற இறக்கம் இருக்கிறது. ஆண்களும் இதிலிருந்து முற்றும் விலகியவர்கள் இல்லை. டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி மூளையில் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது, இன்னொரு பகுதி அமைதிப்படுத்தும் பொருளாக மாறுகிறது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பெண்மைச் சுரப்புகள் வலிப்பு நோயை உண்டாக்குவதில்லை. தலைக்காயம், பிறக்கும்போது மூச்சுத் திணறல், மூளைக்காய்ச்சல், மரபு, மூளையில் தங்கும் நாடாப்புழுக் கட்டி என்று வேர் வேறெங்கோ இருக்கிறது. வேர் ஏற்கெனவே இருப்பவருக்கு வலிப்பு எந்த நாளில் எளிதாக வெடிக்கும் என்பதைச் சுரப்புகள் தீர்மானிக்கின்றன. ‘வயசுக்கு வந்தா சரியாயிடும்’, ‘கல்யாணம் பண்ணினா நின்னுடும்’ என்று நம் ஊரில் சொல்லும் ஆறுதல்கள் இந்த இடத்தில்தான் ஆபத்தாகின்றன. வயதுக்கு வரும் பருவத்தில் புதிதாகத் தொடங்கும் வலிப்பு வகைகளும் உண்டு. திருமணம் எந்த வலிப்பையும் நிறுத்துவதில்லை.

தென்னிந்தியாவில் பெண்களின் வலிப்பை மிகப் பொறுமையாகத் தொடர்ந்து பார்த்தது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். சஞ்சீவ் தாமஸ் தலைமையில் 1998-இல் அங்கே தொடங்கிய கேரளப் பதிவேடு, வலிப்புள்ள பெண்களைக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே பின்தொடர்கிறது. கர்ப்ப காலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பெண்களுக்கு வலிப்பு வந்தது. பிரசவத்தையொட்டிய மூன்று நாள்களில்தான் அது உச்சம் தொட்டது. அந்த நாள்களில் புரோஜெஸ்டிரோன் செங்குத்தாக விழுகிறது, தூக்கம் போகிறது, மாத்திரை தவறுகிறது. கர்ப்பத்துக்கு முந்தைய மாதத்தில் வலிப்பின்றி இருந்தவர்களுக்குக் கர்ப்ப காலமும் பெரும்பாலும் நல்லபடியாகவே கழிந்தது. ஆக, கருத்தரிக்கும் முன்பே வலிப்பைக் கட்டுக்குள் கொண்டுவருவது தாய்க்கும் பிள்ளைக்கும் பெரிய காப்பு.

இந்தக் கணக்கு நம் பக்கம் எப்படிப் பதிவாகிறது என்று பார்க்க, இனி கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலைக்கு வருவோம். வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் கச்சிராயபாளையம் வழியாகக் கீழே இறங்கித்தான் கள்ளக்குறிச்சிக்கு வர வேண்டும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி சிறுவங்கூரில் இருக்கிறது. சாமையும் மரவள்ளியும் கைகொடுக்காத மாதங்களில் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் பல வெளியூர் வேலைக்குப் போகின்றன. வலிப்பு மாத்திரை ஒரு நாளும் தவறக் கூடாதது. மலை இறங்கி ஏறும் செலவும் வெளியூர்ப் பிழைப்பும் அதைத்தான் முதலில் தவறவைக்கின்றன. அதற்கு மேல் கூச்சம். வீட்டுக்குத் தூரமான நாள்களை அம்மாவிடம்கூட முணுமுணுப்பாகச் சொல்லி வளர்ந்த பெண், மருத்துவரிடம் அதை வாய்விட்டுச் சொல்வாள் என்று எதிர்பார்க்க முடியாது. பெரும்பாலும் கூட வருவது அப்பாவோ கணவரோ. மாதவிலக்கு பற்றிய கேள்வி கேட்கப்படுவதே இல்லை. வலிப்பின் தேதி மட்டும் சீட்டில் ஏறுகிறது, அதற்குப் பக்கத்தில் மாதவிலக்குத் தேதி ஏறுவதில்லை.

இந்தக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கு இது புதிய துயரம் அல்ல. பெரியபுராணத்தில் கொல்லி மழவன் என்ற மலைநாட்டுத் தலைவனின் மகளுக்கு முயலகன் என்ற வலிப்பு நோய். எந்த மருத்துவமும் பலிக்காமல், இன்று திருவாசி எனப்படும் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலில் அவளைக் கிடத்திவிட்டுத் தகப்பன் கலங்கி நிற்கிறான். திருஞானசம்பந்தர் பதிகம் பாட, அவள் எழுந்து வருகிறாள். அந்தத் தகப்பன் மகளை மறைத்து வைக்கவில்லை, ஊரறியக் கொண்டுவந்தான் என்பது என்னை ஒவ்வொரு முறையும் தொடுகிறது. நம் காலத்தில் மறைக்கவே சொல்லிக்கொடுத்தோம். 1955-இன் இந்துத் திருமணச் சட்டத்தில் 1976-இல் வந்த திருத்தம் வலிப்பைப் பைத்தியத்தோடு சேர்த்துத் திருமணத் தடையாக எழுதி வைத்தது. 1999-இல்தான் அது நீக்கப்பட்டது. சட்டத்தை மாற்றிவிட்டோம், பேச்சை இன்னும் மாற்றவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று மாத்திரையை ஒளித்து வைக்கும் பெண், மறைக்க முடியாத நாளில் மாத்திரையையே விட்டுவிடுகிறாள்.

மாதக் கணக்கு தெரிந்தால் என்ன செய்ய முடியும்? நிறையவே செய்யலாம். ஆபத்தான அந்தச் சில நாள்களுக்கு மட்டும் குளோபசாம் போன்ற மாத்திரையைக் கூடுதலாகக் கொடுக்கும் முறை இருக்கிறது. புரோஜெஸ்டிரோனையே மருந்தாகக் கொடுத்து 294 பெண்களிடம் ஹெர்சாக் குழு நடத்திய ஆய்வு 2012-இல் வெளிவந்தது. எல்லோருக்கும் அது உதவவில்லை. மாதவிலக்கையொட்டி வலிப்பு மிக அதிகமாகும் பெண்களுக்கு உதவியது. யாருக்கு உதவும் என்பதைச் சொன்னது விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை, அவர்கள் எழுதி வைத்த தேதிகள்தான். அல்லோபிரெக்னனோலோனை ஒட்டி ஆய்வகத்தில் செய்த கனாக்சலோன் என்ற மருந்துக்கு, குழந்தைகளைத் தாக்கும் ஓர் அரிய வலிப்பு நோய்க்காக 2022-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

சுரப்பும் மாத்திரையும் ஒன்றையொன்று தொடும் இடங்களையும் தெரிந்துவைக்க வேண்டும். பீனிட்டாய்ன், கார்பமாஸிபின், பீனோபார்பிட்டால் ஆகியவை கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை, லாமோட்ரிஜினின் அளவை ரத்தத்தில் ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். வால்ப்ரோயேட் சாப்பிடும் தாய்மாரின் குழந்தைகளில் சுமார் பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறை வரலாம். ஆகவே பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள் மருத்துவரிடம் பேசி முன்கூட்டியே மாற்று வழி தேட வேண்டும், ஃபோலிக் அமிலம் எடுக்க வேண்டும். பயந்துபோய்த் தாமாக எந்த மாத்திரையையும் நிறுத்தவே கூடாது. திடீரென நிறுத்தினால் வரும் வலிப்பு உயிரையே எடுக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரில் வலிப்பு வந்த நாளுக்கு ஒரு குறி, மாதவிலக்கு தொடங்கிய நாளுக்கு இன்னொரு குறி, மாத்திரை தவறிய நாளுக்கு மூன்றாவது குறி. மூன்று மாதம் எழுதினால் ஒழுங்கு இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் பொட்டு வைத்துக் கணக்குக் காட்டலாம்.

அரசு செய்ய வேண்டியதும் எளிது. வெள்ளிமலையிலிருந்து சிறுவங்கூர்வரை வலிப்பு மாத்திரை வழங்கும் ஒவ்வொரு சீட்டிலும் மாதவிலக்குத் தேதிக்கு ஒரு கட்டம் அச்சடிக்கட்டும். அதைக் கேட்டு எழுதக் கிராமச் சுகாதாரச் செவிலியருக்குக் கற்றுக்கொடுக்கட்டும். பெண் தனியாகப் பேச ஐந்து நிமிடம் ஒதுக்கட்டும். வலிப்புக்கான முதல் மருந்தே ஒரு பெண் சொன்ன தேதியிலிருந்து பிறந்தது என்றால், மலையிலிருந்து இறங்கி வரும் பெண்ணிடம் அந்தத் தேதியைக் கேட்காமல் மருந்துச் சீட்டு எழுதுவது அரைகுறை வைத்தியம். முழு வைத்தியம் பெறும் உரிமை அவளுக்கு உண்டு.